படி அரிசிக்கு யார் பொறுப்பு?

தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரெயில். உட்கார இடம் கிடைத்ததோ இல்லையோ, பேச்சு தொடங்கி விடும். 1967-ம் வருடத் தேர்தல் சமயத்தில் என்ன பேச்சு தெரியுமா? அரிசி!

"வானம் பொய்த்தால் சர்க்கார் என்ன செய்யும்?" இது காங்கிரஸ் கட்சி. 1965-லும் 1966-லும் நாட்டின் பல பகுதிகளில் மழை தவறியது உண்மைதான்.

"மழையா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது?" இது தி.மு.க. கட்சி. 1966 ஜூன் 6-ந் தேதி, 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசு ஆகிவிட்டதே!

ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அண்ணா. "பணம் எங்கிருந்து வரும்?" என்று மடக்கினார்கள் காங்கிரஸ்காரர்கள்.

ஜனங்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஜனவரி 12-ந் தேதி துப்பாக்கிச் சூட்டில் காயம் அடைந்த எம்.ஜி.ஆர்., ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். முதல் மந்திரி பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். விருதுநகரில் காமராஜரே தோற்றார்!

அப்புறம்?

சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார் அண்ணா. மற்ற ஊர்களுக்கு அது பரவவில்லை. காரணம், பணம்! தோற்றவர்கள் கேட்ட கேள்வி, ஜெயித்தவர்களின் கஜானாவில் வந்து நின்றது. மூன்று படி, லட்சியமாகவே இருந்து விட்டது.

ஆனால் அரிசியை மறந்து ஓட்டுக் கேட்க அதன் பிறகு யாருக்கும் துணிவு வரவில்லை. 2011 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அன்று ரெயிலில் வாதாடியவர்களிடம் இதைச் சொல்லி இருந்தால் நம்பி இருப்பார்களா?