இத்தனை டன் எப்படிப் பறக்கிறது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

வானில் இரைச்சல் கேட்டால் அண்ணாந்து பாராதவர் யார்? ஆனால், "அது ஏன் விழவில்லை?" என்று கேட்டால் பலரும் ஒரே விடையைத்தான் ஒப்புவிப்பர். இறக்கையின் மேற்புறம் வளைந்தது, கீழ்ப்புறம் தட்டை. முன்விளிம்பில் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் கூட வேண்டும். எனவே நீண்ட வழி செல்லும் மேற்காற்று விரைகிறது. வேகம் மிகுந்தால் அழுத்தம் குறையும் என்றார் பெர்னௌலி. ஆகவே விமானம் எழும்புகிறதாம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிந்த காற்று மீண்டும் சந்தித்தே தீரவேண்டும் என்று இயற்கையில் விதி ஏதும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் பார்த்தால் மேற்காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. காகித விமானத்துக்குத் தட்டை இறக்கைதானே? சாகச விமானங்கள் தலைகீழாகவும் பறக்கின்றனவே? பெர்னௌலி மீது குற்றமில்லை. அவர் பெயரால் வழங்கும் கதைதான் பிழை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நான் ஒருவனே. ஆதலால் ஐயங்கள் யாவும் என்னிடமே வரும். இராஜபாளையத்தில் நூற்பாலையில் உழைக்கும் என் தந்தையார் கேட்டார்: "ஏப்பா, பஞ்சு பறக்குது, சரி. இத்தனை டன் எப்படிப்பா பறக்குது?" அவரிடம் பெர்னௌலி பெயரைச் சொல்லித் தப்ப முடியுமா? திருவில்லிபுத்தூர் பேருந்தை நினைக்கச் சொன்னேன். வேகம் பிடித்ததும் உள்ளங்கையைச் சன்னலுக்கு வெளியே கிடையாக நீட்டினால் காற்று வழுக்கிச் செல்லும். முன்விளிம்பைச் சற்றே உயர்த்தினால் கை தானாக மேலெழும். (நடத்துநர் திட்டுவார்; சோதனை மனத்தளவில் போதும்.) கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! இறக்கையின் மேலோடும் காற்றும் வளைந்து கீழிறங்குகிறது. அவ்வாறு வளைய, மேற்புறத்தில் அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். நியூட்டனும் பெர்னௌலியும் ஒரே நிகழ்ச்சியை இரு பக்கம் நின்று பார்க்கிறார்கள், அவ்வளவே.

எவ்வளவு அழுத்தம் வேண்டும்? குறுந்தூரம் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானம் முழுச் சுமையுடன் ஏறத்தாழ 23 டன். இறக்கைப் பரப்பு 61 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு 377 கிலோ. வளிமண்டலமோ அதே பரப்பை 10,000 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. அதில் நூற்றுக்கு நான்கு பங்குகூட வேண்டாம்! கணக்கைப் போட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

சாய்வு கூடக்கூட நல்லது என்று எண்ணிவிடலாகாது. ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் மேற்காற்று இறக்கையை விட்டுப் பிரியும்; தூக்குவிசை சரியும். விமானிகள் இதை 'ஸ்டால்' என்பர். எஞ்சின் நிற்பதன்று இது.

ரைட் சகோதரர்கள் அச்சிட்ட அட்டவணைகளை நம்பி ஏமாந்து, 1901இல் தாமே ஒரு மரப்பெட்டியைக் காற்றுச் சுரங்கமாக்கி ஏறத்தாழ 200 இறக்கை மாதிரிகளைச் சோதித்தனர். 1903 டிசம்பர் 17இல் அவர்களது முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. நம் திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் உயரமே ஏறத்தாழ 190 அடி! 1910இல் சென்னையில் விமானம் கட்டுவித்துப் பறந்து காட்டியவர் யார் தெரியுமா? டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல் உரிமையாளர்.