ஓட்டலாகிப் பிழைத்த டச்சு மாளிகை
கொச்சிக் கடலோரத்தில் பழைய வீட்டுக்குப் புது வாழ்வு

எறணாகுளம் படகுத்துறையில் ஏறினால் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் ஃபோர்ட் கொச்சி வந்துவிடும். சீன வலைகளைப் பார்த்துவிட்டுக் கடற்கரையோரமாகச் சிறிது நடந்தால் பரேட் மைதானம். அன்று சிப்பாய்கள் அணிவகுத்த இடத்தில் இன்று பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். மைதானத்தை ஒட்டிய வீதியில் ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்று நிற்கிறது. அதுதான் மலபார் ஹவுஸ்.

இந்த வீடு 1755-ல் கட்டப்பட்டது என்கிறார்கள். 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர் வசம் இருந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். ஆட்சிகள் மாறின, வீடு மட்டும் நின்றது. 1997-ல் அது ஓட்டலாகத் திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர்கள் ஒரு ஜெர்மானியரும் அவருடைய ஸ்பெயின் நாட்டு மனைவியும்.

இடிக்கவில்லை

வழக்கமாக என்ன நடக்கும்? பழைய வீட்டை வாங்கியவர் அதை இடித்துத் தள்ளிவிட்டு நாலு மாடி எழுப்புவார். இங்கே அப்படிச் செய்யவில்லை. பழைய சுவர்களும் ஓட்டுக் கூரையும் காப்பாற்றப்பட்டன. நடுமுற்றத்தில் சிறு நீச்சல் குளம் அமைந்தது. அறைகள் இருபதுக்கும் குறைவு. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. பழங்காலச் சிற்பங்கள், மர வேலைப்பாடுகள், இக்கால ஓவியர்களின் படங்கள் எல்லாம் விருந்தினர் தங்கும் இடங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன. பெரிய ஓட்டல்களில் படம் சுவருக்கு அலங்காரம். இங்கே படத்தைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. இந்த மாதிரி இடங்களைத்தான் ‘பூட்டிக் ஓட்டல்’ என்று அழைக்கிறார்கள்.

உப்பும் சுண்ணாம்பும்

கடலோரத்தில் பழைய வீட்டைக் காப்பது லேசான காரியம் அல்ல. இப்பகுதியின் பழைய சுவர்கள் பெரும்பாலும் செங்கப்பிக் கல்லால் ஆனவை. மேலே சுண்ணாம்புப் பூச்சு. உப்புக் காற்றும் மழை ஈரமும் சுவருக்குள் இறங்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அவசரப்பட்டு மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். காயும்போது உப்பு படிகமாகித் தடிக்கும், பூச்சு உப்பிப் பெயர்ந்து விழும், கல்லும் அரிக்கும். ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் மருந்து. அந்த வேலை தெரிந்த கொத்தனார் குறைந்துவிட்டார்கள். கூலி அதிகம், நாளும் அதிகம். கூரை ஓட்டையும் ஆண்டுதோறும் மழைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? வீடு தானே சம்பாதித்தால்தான் உண்டு. 1950-க்கு முன் கட்டிய வீடுகளையும் மாளிகைகளையும் பாரம்பரிய ஓட்டல்களாக வகைப்படுத்தும் முறை மத்திய சுற்றுலாத் துறையில் இருக்கிறது. குறைந்தது 5 அறைகள் இருந்தால் போதும். பெரிய வீட்டை வைத்துக்கொண்டு திண்டாடும் குடும்பங்களுக்கு இது ஒரு வழி.

அடுத்தாற்போல் ஓவியக் கண்காட்சி வந்தது. 2012 டிசம்பர் 12-ல் கொச்சி-முசிறி பியனாலே தொடங்கியது. 1867-ல் நிறுவப்பட்ட ஆஸ்பின்வால் கம்பெனியின் கடலோரக் கட்டடங்கள் அதன் முக்கிய அரங்கம் ஆயின. மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் வாணிபம் செய்த கம்பெனியின் இடத்தில் படங்களும் சிற்பங்களும் ஏறின. வெறும் கிடங்கு என்று ஒதுக்கிய கட்டடங்களுக்கு மதிப்பு பிறந்தது.

வெளுப்பவர்கள் யார்?

ஓட்டல் எவ்வளவு அழகாக இருந்தாலும் படுக்கை விரிப்பு பளிச்சென்று இல்லாவிட்டால் விருந்தினர் மறுபடி வரமாட்டார். ஃபோர்ட் கொச்சியின் ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? நம் தமிழர்களே!

‘வெளி’ என்ற பகுதியில் உள்ள தோபிகானாவில் வண்ணார் சமூகத்தினர் வேலை செய்கிறார்கள். டச்சுக்காரர் காலத்தில், படையினரின் துணிகளை வெளுக்க இவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அப்படியானால் இவர்களுடைய கொச்சி வாழ்க்கையும் மலபார் ஹவுஸும் கிட்டத்தட்ட ஒரே வயது. இப்போதுள்ள சலவைக் கூடம் 1976-ல் கட்டித் தரப்பட்டது. கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, மைதானத்தில் கயிறு கட்டி உலர்த்தி, கனமான கரிப்பெட்டியால் தேய்த்து மடித்துக் கொடுக்கிறார்கள். வேலை செய்கிறவர்களில் வயதானவர்களே அதிகம். சலவை இயந்திரம் வந்தபின் வருமானம் சுருங்கியது. பிள்ளைகள் படித்து வேறு உத்தியோகம் தேடுகிறார்கள். அது நல்லதுதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி எழாமல் இல்லை. இருநூற்றைம்பது வருஷத்து வீட்டைப் பாதுகாக்க நிபுணர்களும் முதலாளிகளும் முன்வருகிறார்கள். அதே வயதுள்ள தொழிலுக்கு நியாயமான கூலி கொடுக்க அதே ஓட்டல்கள் முன்வர வேண்டாமா? ஒவ்வொரு ஓட்டலும் தன் துணியில் ஒரு பங்கையாவது தோபிகானாவுக்கு அனுப்பினால் அங்கே அடுப்பு அணையாது. பழைய ஊரைப் பார்க்க வருகிற விருந்தினருக்கும் அது பெருமையாகவே இருக்கும்.

கொச்சிக்குப் போகும் நம்மவர்கள் சீன வலையோடு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை பரேட் மைதானத்துப் பழைய வீதியையும் பாருங்கள். அப்படியே வெளிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் கிடைக்கும்.