நஞ்சுண்ட நிலம் – 9: பழத்தில் இல்லை, கிழங்கில் இருக்கிறது

2002 ஆகஸ்டில், பிரான்ஸின் வடகோடித் துறைமுகமான டன்கர்க்கில் அதிகாரிகள் ஒன்றரை டன் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பிடித்து அழித்தார்கள். கரீபியன் கடலில் பிரான்ஸின் ஆளுகையில் உள்ள மார்த்தினிக் தீவில் விளைந்த கிழங்கு அது. அதில் குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. அந்த மருந்தைத் தீவில் தூவுவதை நிறுத்தி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவும் வாழைக்கென்று வாங்கிய மருந்து!

சென்ற வாரம் நகரத்து மண்ணைப் பார்த்தோம். குப்பை எரியும்போது பிறக்கும் டையாக்ஸின், பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயிலிருந்து கசியும் பி.சி.பி., வாகனப் புகையோடு வந்து படியும் பி.ஏ.எச். என்று அங்கே நஞ்சு பல வழிகளில் வருகிறது. எது யாரால் வந்தது என்று பிரிப்பதே பெரும்பாடு. விவசாய நிலத்தில் அந்தக் குழப்பம் குறைவு. யார் வாங்கினார்கள், எந்த ஆண்டு, மரத்துக்கு எத்தனை கிராம் என்பது வரை தெரியும். மார்த்தினிக்கும் பக்கத்துத் தீவான குவாதலூப்பும் இதற்குக் கண்கண்ட சாட்சிகள்.

வாழை பயிரிடுகிறவர்களுக்குக் கிழங்குக் கூன்வண்டைத் தெரியாமல் இருக்காது. புழு கிழங்கைக் குடைந்து உள்ளே வழி போடும். வெளியே மரம் நன்றாகத்தான் நிற்கும். ஒரு காற்றடித்தால் குலையோடு சாயும். புயல் அடிக்கடி வரும் தீவுகளில் தோட்ட முதலாளிகளுக்கு இந்த வண்டு தூக்கம் கெடுத்த எதிரி. 1960களின் இறுதியில் பிரெஞ்சு நச்சுப்பொருள் குழு ஏற்க மறுத்த குளோர்டெகோனுக்கு, இந்த வண்டைக் கொல்ல 1972இல் தற்காலிக அனுமதி கிடைத்தது. மரத்துக்கு 30 கிராம் தூள். அதில் மருந்து 5 சதவீதம். தொழிலாளர்கள் வாளியில் எடுத்துப் போய் மரத்தடியில் தூவினார்கள். கையுறையோ முகக்கவசமோ தரப்படவில்லை, வெறுங்கையால்தான் அள்ளிப் போட்டோம் என்று பலர் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். 1974இல் மார்த்தினிக் வாழைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்த மருந்தை நிறுத்து என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஆபத்தைச் சொன்னவர்கள் நச்சுப்பொருள் குழுவினர் மட்டுமல்லர், தூவியவர்களும்தான்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவிலிருந்து சான்று வந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் ஹோப்வெல் நகரில், பழைய பெட்ரோல் பங்க் ஒன்றை மாற்றி அமைத்த ஆலையில் இதே மருந்தை ‘கெபோன்’ என்ற பெயரில் தயாரித்தார்கள். தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, உடல் மெலிந்தது, விந்தணு எண்ணிக்கை குறைந்தது. 1975இல் ஆலையை மூடினார்கள். ஜேம்ஸ் ஆற்றில் மீன்பிடிப்பு பல ஆண்டுகள் தடைபட்டது. இத்தனையும் தெரிந்த பிறகும் 1981இல் பிரான்ஸ் ‘கூர்லோன்’ என்ற பெயரில் மறுபடி அனுமதி தந்தது. 1990இல் தடை விதித்தபோதும் இந்த இரு தீவுகளுக்கு மட்டும் விலக்கு அளித்து 1993 வரை தூவ விட்டது. மொத்தம் ஏறத்தாழ 300 டன் நச்சு மண்ணில் இறங்கியதாக மதிப்பீடு. தெரியாமல் நடந்த பிழை என்று இதைச் சொல்லவே முடியாது.

ஏன் இது மண்ணை விட்டுப் போவதில்லை? குளோர்டெகோன் மூலக்கூறு கார்பன் அணுக்களாலான ஒரு கூண்டு. அதைச் சுற்றிப் பத்து குளோரின் அணுக்கள். மண்ணின் நுண்ணுயிர்களால் அதை எளிதில் உடைக்க முடிவதில்லை. தண்ணீரிலும் அதிகம் கரையாது. எரிமலைச் சாம்பலில் உருவான மண்ணில் மட்குச் சத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும். மண் வகையைப் பொறுத்து அது நீங்க 60 ஆண்டுகள் முதல் 700 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று 2009இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆற்றுக்கும், அங்கிருந்து கடற்கரை மீனுக்கும் இறாலுக்கும் போகிறது. மேயும் மாடு புல்லோடு மண்ணையும் தின்கிறது.

வாழைப்பழத்தில் மட்டும் அது கிட்டத்தட்ட ஏறுவதே இல்லை. மண்ணோடு ஒட்டி வளரும் சேப்பங்கிழங்கு, பெருவள்ளி, சர்க்கரைவள்ளியில் அதிகம். வெள்ளரி, பூசணியில் ஓரளவு. தக்காளி, மாம்பழம், சீமைப்பலாவில் மிகக் குறைவு. ஆக, ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பழம் சுத்தமாகப் போனது. கொல்லையில் கிழங்கு போட்டுச் சாப்பிட்ட ஏழையின் தட்டில் நஞ்சு விழுந்தது. இந்த அநியாயம்தான் நெஞ்சைச் சுடுகிறது.

அந்த ஏழைகளில் நம் உறவுகளும் உண்டு. 1850களில் தொடங்கி, கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகள் இரு தீவுகளிலும் வாழ்கிறார்கள். குவாதலூப்பில் நச்சு படிந்த வாழைப் பகுதியான கபெஸ்தெரில், சாங்கி என்ற இடத்தில் அவர்களுடைய கோயில் கோபுரத்தோடு நிற்கிறது.

2013–14இல் எடுத்த ரத்த மாதிரிகளில் குவாதலூப்பில் 95 சதவீதம் பேருக்கும் மார்த்தினிக்கில் 92 சதவீதம் பேருக்கும் குளோர்டெகோன் இருந்தது. ரத்தத்தில் இதன் அளவு கூடக்கூட புராஸ்டேட் புற்றுநோய் அபாயமும் கூடுவதை குவாதலூப்பில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. 2021 டிசம்பரில் பிரான்ஸ் இந்தப் புற்றுநோயை, பூச்சிமருந்தோடு வேலை செய்த விவசாயத் தொழிலாளர்களுக்கான தொழில்சார் நோயாக ஏற்றது.

ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. மண் விடாததை மனித உடல் விடுகிறது. புதிதாக உள்ளே போகாவிட்டால் ரத்தத்தில் உள்ள அளவு ஐந்தாறு மாதங்களில் பாதியாகும். அதனால்தான் தீவுகளில் வீட்டுத் தோட்ட மண்ணை இலவசமாகப் பரிசோதித்து, எங்கே கிழங்கு போடலாம், எங்கே தக்காளியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறார்கள். கிழங்கை நன்றாகக் கழுவி, தோலைத் தடிமனாகச் சீவச் சொல்கிறார்கள். மாடுகளை வெட்டுக்கு அனுப்பும் முன் சுத்தமான மேய்ச்சல் நிலத்தில் சில மாதங்கள் விடுகிறார்கள்.

வழக்கு என்ன ஆனது? 2006இல் கொடுத்த குற்றவியல் புகாரை, காலம் கடந்துவிட்டது உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் முடித்துவைத்தார்கள். 2025 மார்ச்சில் பாரிஸ் மேல்முறையீட்டு நிர்வாக நீதிமன்றம் அரசின் தவறுகளை ஏற்று, நச்சுக்கு ஆளானதை நிரூபிக்கக் கூடியவர்களின் மன உளைச்சலுக்கு இழப்பீடு தரச் சொன்னது. அனுமதியில் கையெழுத்திட்டவர்களோ மருந்தை விற்றவர்களோ ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

(தொடரும்)