அல்சூரிலிருந்து ஐரோப்பாவுக்கு

ஜோகுபாளையத்திலும் அல்சூரிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் "எங்க தாத்தா மிலிட்டரியில இருந்தார்" என்று சொல்பவர்கள் ஏராளம். எந்தப் போரில், எந்த நாட்டில் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. ஐரோப்பியப் போர் என்றால் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் படம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் போருக்கும் நம் பேட்டைக்கும் உள்ள உறவை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. ஜெர்மானியர் விரித்து வைத்திருந்த முள்கம்பிச் சுருள்கள் வழியை மறித்தன. அவற்றைத் தகர்க்க அமெரிக்க வீரர்கள் கையாண்ட குழாய் வெடிக்குப் பெயர் என்ன தெரியுமா? 'பெங்களூர் டார்பிடோ'! 1998-இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்திலும் அது வருகிறது.

பெயர்க்காரணம் இதுதான். முதல் உலகப் போருக்கு முன்பே, பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றிய மெக்ளின்டாக் என்ற ஆங்கிலேயக் கேப்டன் இதை உருவாக்கினார். அந்தப் படைதான் இன்று அல்சூர் ஏரியை ஒட்டியிருக்கும் எம்.இ.ஜி. 1780-இல் சென்னைப் பரங்கிமலையில் பயனியர் படையாகத் தொடங்கியது அது. அதன் வீரர்களுக்கு இன்றும் 'தம்பி' என்றே பெயர்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. வெடிமருந்து அடைத்த, ஏறக்குறைய ஐந்தடி நீளக் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டி, தரையோடு தரையாகப் படுத்தபடியே கம்பிகளுக்கு அடியில் தள்ள வேண்டும். கம்பியில் சிக்காமலிருக்க முனையில் ஓர் உருண்டை மூக்கு உண்டு. வெடித்ததும் கம்பி அறுந்து பாதை பிறக்கும். எழுந்து நின்று கம்பி வெட்டியவன் குண்டடிபட்டுச் சாவான். இதில் படுத்தே காரியம் முடிந்துவிடும்.

கருவி மட்டுமா போயிற்று? ஆட்களும் போனார்கள். 1944-இன் தொடக்கத்தில் இத்தாலியின் கஸ்ஸினோ மலையடியில் போரிட்ட 4-வது இந்தியப் படைப்பிரிவில் மதராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். கண்ணிவெடி அகற்றுவதும் பாலம் போடுவதும் இவர்கள் வேலை. காலாட்படை நடப்பதற்கு முன்பே அந்த மண்ணில் கால் வைப்பவர்கள் இவர்கள்தாம். போர் வரலாறு எழுதுவோர் இவர்களுக்கு ஒரு பத்திக்கு மேல் ஒதுக்குவதில்லை என்பது என் மனக்குறை.

காஞ்சிபுரம் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம் அவர்களில் ஒருவர். 1944-இல் இத்தாலியின் மிஞானோ அருகே கண்ணி அகற்றும்போது ஒரு வெடி கிளம்பிவிட்டது. வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. அவர் அதன்மேல் பாய்ந்து விழுந்து, தம் ஆட்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. எதிரிக்கு நேர் எதிரில் நிகழாத வீரச்செயலுக்கு பிரிட்டன் தரும் மிக உயர்ந்த விருது இது.

இனி உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்கு வருவோம். அதில் ஆறுமுனை கொண்ட வெண்கல நட்சத்திரம் ஏதும் இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே அச்சுதான். நடுவிலுள்ள எழுத்து மட்டும் மாறும். 'பர்மா ஸ்டார்' என்றால் தாத்தா கிழக்கே போனவர். 'இத்தாலி ஸ்டார்' என்றால் 1943-க்கும் 1945-க்கும் இடையே ஐரோப்பியப் போர்க்களத்தில் பணிபுரிந்தவர். அதன் நாடாவில் இத்தாலியக் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சை நிறங்கள் இருக்கும். இந்தியப் படையினருக்குத் தந்த நட்சத்திரங்களின் பின்புறத்தில் படை எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக்கூட அப்படிப் பொறித்துத் தரவில்லை!

அந்த எண்ணை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பளபளப்பாக்க வேண்டுமென்று புளியோ பிராசோவோ போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். பழைய இரும்புக்காரரிடம் எடைக்கும் போட்டுவிடாதீர்கள்.