வில்லங்கச் சான்றில் வராத கடன்

வங்கிகள் நாளிதழில் வெளியிடும் ஏல அறிவிப்பை நாம் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். பொடி எழுத்தில் கடன்தாரர் பெயர், ஜாமீன்தாரர் பெயர், பாக்கித் தொகை, சொத்தின் நான்கெல்லை எல்லாம் இருக்கும். ரெட்டியார்பாளையம், லாஸ்பேட்டை, மூலகுளம் என்று உழவர்கரைப் பக்கத்து இடம் ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும், தெரிந்தவர் வீடா என்று ஒருமுறை பார்ப்போம். அடுத்த முறை அந்த அறிவிப்பில் 'தெரிந்த வில்லங்கங்கள்' என்ற இடத்தையும் தேடிப் பாருங்கள். ஏலம் விடும் வங்கி, அந்த வீட்டின்மேல் வேறு யாருக்குப் பாத்தியதை இருப்பதாகத் தனக்குத் தெரியுமோ அதை அங்கே சொல்லியாக வேண்டும். வங்கிகள் ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்ட விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பல அறிவிப்புகளில் அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்றே இருக்கும். ஒரே வீட்டை இரண்டு, மூன்று இடத்தில் வைத்துக் கடன் வாங்கிய குடும்பங்களின் கதை அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

உழவர்கரை, 1880-இல் பிரெஞ்சு நிர்வாகம் ஏற்படுத்திய கொம்யூன்களில் ஒன்று. இன்று அது புதுச்சேரி நகராட்சியைவிடப் பெரியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இங்கே சுமார் 3 லட்சம் பேர். வயலும் தோப்புமாக இருந்த நிலம் மனையாகி, மனை வீடாகி, கீழ்த்தளத்தின்மேல் மாடி ஏறிய ஊர் இது. இங்கே நடுத்தரக் குடும்பத்தின் ஒரே சொத்து பெரும்பாலும் அந்த வீடுதான். பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும், அப்பாவுக்கு ஆபரேஷன் என்றாலும், கடை படுத்துவிட்டாலும் கை முதலில் வீட்டுப் பத்திரத்தை நோக்கித்தான் போகிறது. பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் பெரிய தடையாகத் தெரிவதில்லை. "அண்ணே, அதெல்லாம் பார்த்துக்கலாம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்று சொல்ல ஒரு தரகர் எப்போதும் இருக்கிறார்.

அடமானத்தில் இருக்கும் வீட்டை மறுபடி அடமானம் வைப்பது குற்றமா? இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. முதல் கடன்காரரின் உரிமை போக வீட்டில் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் மதிப்பை இரண்டாவதாக ஒருவரிடம் ஈடு வைக்கலாம். அந்த இரண்டாமவர் முதல் கடனை அடைத்து வீட்டை மீட்கவும் சட்டத்தில் வழி உண்டு. தடை வருவது கடன் ஒப்பந்தத்திலிருந்து. எங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் இந்தச் சொத்தின்மேல் வேறு எந்தப் பாரத்தையும் ஏற்படுத்தக் கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை இருக்கும். அதை மீறினால், தவணை ஒன்றுகூடத் தவறாமல் கட்டியிருந்தாலும், முழுக் கடனையும் உடனே கட்டு என்று கேட்க வங்கிக்கு இடம் கிடைத்துவிடுகிறது.

குற்றம் தொடங்குவது மறைக்கும்போதுதான். இரண்டாவது கடன் விண்ணப்பத்தில், 'இந்தச் சொத்தின்மேல் வேறு எந்த வில்லங்கமும் இல்லை' என்று ஒரு வரி இருக்கும். தெரிந்தே அதன் கீழ் கையெழுத்திட்டுப் பணம் வாங்கினால், அது கடன் தகராறாக மட்டும் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின்படி, ஏமாற்றிப் பணம் பெற்ற குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை. அசல் பத்திரம் தொலைந்துவிட்டது என்று காவல் நிலையத்தில் பொய்ப் புகார் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, அதை வைத்து வேறிடத்தில் கடன் வாங்கும் வழி ஒன்றைத் தரகர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். கலர் ஜெராக்ஸை அசல் என்று நீட்டச் சொல்பவர்களும் உண்டு. போலி ஆவணம் தயாரித்ததாக 338-ஆவது பிரிவு சேர்ந்துவிட்டால் தண்டனை பத்து ஆண்டு, ஆயுள் என்று போகிறது. அன்றைக்குத் தரகர் சாட்சிக் கூண்டில்கூட நிற்கமாட்டார். ஆபரேஷன் செலவுக்காக ஓடிய மனிதர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்.

இப்படி மறைக்க எப்படி முடிந்தது என்பதற்குப் புதுச்சேரியின் சட்ட வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1819-இல் இங்கே நடைமுறைக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பில், ஒப்பந்தத்தால் ஏற்படும் அடமானத்துக்குத் தெளிவான விதி ஒன்று உண்டு. கடன்காரர்களுக்குள் யார் முன், யார் பின் என்பது, அடமானத்தைப் பொதுப் பதிவேட்டில் குறித்த நாளை வைத்தே தீர்மானமாகும். பதிவேட்டில் இல்லாதவர் வரிசையிலும் இல்லை. பிரெஞ்சு முறை நோட்டரியான நோத்தேர் எழுதிய பத்திரங்களைப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் உண்டு. 1960-களில் இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கே நீட்டிக்கப்பட்டபோது சொத்து மாற்றுச் சட்டமும் வந்தது. அதோடு, உரிமைப் பத்திரத்தை ஒப்படைத்தே அடமானம் வைக்கும் முறையும் வந்து சேர்ந்தது.

இந்த முறையில் கடன் இருக்க வேண்டும், உரிமைப் பத்திரம் ஒப்படைக்கப்பட வேண்டும், அது ஈடாகத்தான் என்ற எண்ணம் இருக்க வேண்டும். கே.ஜே.நாதன் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த மூன்று கூறுகள் இவை. பதிவு அவசியம் என்று சட்டத்தில் இல்லை. வங்கிக்கும் கடன்தாரருக்கும் இது செலவில்லாத, விரைவான வழி. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று கேட்டால், பதிவான நடவடிக்கை மட்டுமே அதில் வரும். பத்திரம் வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும். சான்று 'வில்லங்கம் இல்லை' என்று வரும். தமிழ்நாடு 2012-இல் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, உரிமைப் பத்திரம் ஒப்படைத்ததற்கான ஒப்பந்தத்தைக் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான ஏற்பாடு அதற்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. ஒரே அசையாச் சொத்தின்மேல் பல வங்கிகளில் கடன் வாங்கும் மோசடியைத் தடுப்பதற்காகவே, 2011 மார்ச் 31 அன்று மத்திய மின்னணுப் பதிவகம் செயல்படத் தொடங்கியது. வங்கிக்காரர்கள் அதைச் 'செர்சாய்' என்பார்கள். சிறு கட்டணம் கட்டி யாரும் அதில் ஒரு சொத்தைத் தேடிப் பார்க்கலாம். 2020 ஜனவரி 24 முதல், அங்கே பதிவு செய்யாத நிறுவனம் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வீட்டைக் கைப்பற்ற முடியாது. பதிவு செய்த நிறுவனத்துக்கு அரசு வரிப் பாக்கியைவிடவும் முன்னுரிமை உண்டு. பிரெஞ்சுச் சட்டம் இரு நூற்றாண்டுக்கு முன்பே சொன்ன இடத்துக்கு நாம் இவ்வளவு சுற்றி வந்து சேர்ந்திருக்கிறோம். இரண்டு பதிவேடுகளும் இன்னும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதுதான் என் குறை. சார்பதிவாளர் தரும் வில்லங்கச் சான்றிலேயே செர்சாய் பதிவும் தெரிந்தால், பாதி மோசடி விண்ணப்ப நிலையிலேயே நின்றுவிடும்.

யார் முன், யார் பின் என்ற கேள்வி எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு, 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த ஒரு வழக்கு சாட்சி. பம்பாய் உயர் நீதிமன்றம் வழியாக வந்தது அது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதை வாங்கப் போட்ட, பதிவு செய்யாத விற்பனை ஒப்பந்தத்தை சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவில் வைத்துக் கடன் வாங்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து, அதே குடியிருப்புக்கு வீட்டுவசதிச் சங்கம் தந்த பங்குச் சான்றிதழைக் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் வைத்து இன்னொரு கடன். கடன் திரும்பவில்லை, இரண்டு வங்கிகளும் மோதின. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, முறையான உரிமை ஆவணத்தை வைத்திருந்த காஸ்மாஸ் வங்கியின் அடமானத்துக்கே முன்னுரிமை என்றது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை மட்டும் நம்பிய வங்கி, முதலில் கடன் கொடுத்திருந்தும் பின்னுக்குப் போனது. காலத்தால் முந்தியவருக்கே உரிமை என்பது பொதுவிதி. எந்தக் காகிதம் யார் கையில் என்பதும் அதை மாற்றும். முதல் வங்கியே மோசடியாலோ பெரும் அலட்சியத்தாலோ இரண்டாமவரை ஏமாறவிட்டிருந்தால், அதன் இடம் பின்னுக்குத் தள்ளப்படும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 78-ஆவது பிரிவும் சொல்கிறது.

இந்த வரிசைச் சண்டையில் கடன்காரர்களில் ஒருவர் தோற்கலாம். எப்படி முடிந்தாலும் தோற்பவர் வீட்டுக்காரர். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வீட்டின் சந்தை மதிப்பு 70 லட்சம். வங்கியில் 40 லட்சம், பைனான்ஸ் நிறுவனத்தில் 15 லட்சம், தெரிந்தவரிடம் பதிவு செய்த அடமானத்தில் 10 லட்சம். ஆகமொத்தம் 65 லட்சம். வீட்டை விற்றால் எல்லாம் அடையும், 5 லட்சம் கையில் நிற்கும் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் ஏலத்தில் வீடு 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுகிறது. வில்லங்கம் உள்ள வீட்டுக்குப் போட்டி போட்டு விலை ஏற்ற ஆள் வராது. 52 லட்சத்துக்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அபராத வட்டி, செலவு எல்லாம் சேர்ந்து வங்கியின் பாக்கி அப்போது 45 லட்சம் ஆகியிருக்கும். மீதி 7 லட்சம் பைனான்ஸுக்கு, தெரிந்தவருக்கு ஒன்றுமில்லை. மற்ற இருவரின் வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வீடு போன பிறகு 18 லட்சம் கடன் நிற்கிறது. அதற்காகச் சம்பளம், வேறு சொத்து, ஜாமீன் போட்ட மைத்துனரின் சொத்து வரைக்கும் வழக்கு வரும்.

காலம் வேறு குறைவு. தவணை 90 நாள் தவறினால் கடன் வாராக்கடன் ஆகும். பிறகு 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸ் வந்த பின் வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வேறு வகையில் மாற்றவோ கூடாது. அவசரத்தில் மூன்றாவது ஆளிடம் எழுதிக் கொடுப்பது நிலைமையை இன்னும் கெடுக்கும். அடுத்து வீடு வங்கியின் சுவாதீனத்துக்குப் போகும். அதை எதிர்த்து 45 நாளுக்குள் சென்னையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏலத் தேதி வரை பணம் புரட்டிக் கட்டி மீட்டுவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது பழைய நிலை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியானதுமே மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது என்று செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தனியார் கடனில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். வங்கியில் பத்திரம் இருப்பது தெரிந்தே பணம் தருபவர், அடமானமாக எழுதிக்கொள்ள மாட்டார். "சும்மா ஒரு நம்பிக்கைக்குத்தான்" என்று சொல்லிக் கிரயப் பத்திரமோ பொது அதிகாரப் பத்திரமோ எழுதி வாங்குவார். பணத்தைக் கட்டினால் திருப்பி எழுதித் தருவதாக வாய்ச்சொல், அல்லது தனியாக ஒரு தாள். அந்தத் திருப்பி எழுதும் நிபந்தனை கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இல்லாவிட்டால், சட்டம் அதை அடமானமாகவே ஏற்காது. சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆவது பிரிவில் இது வெளிப்படையாக இருக்கிறது. கடன் வாங்கியதாக நினைத்தவர் வீட்டை விற்றவராகிவிடுகிறார். வங்கிக் கடன் மட்டும் அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரர் பிரான்சில் இருக்க, உறவினர் ஒருவர் அதிகாரப் பத்திரத்தோடு பார்த்துக்கொள்ளும் வீடுகள் புதுச்சேரியில் நிறைய. அடமானம் வைக்கும் அதிகாரம் அந்தப் பத்திரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்காமல் கடன் கொடுப்பவரும் மாட்டிக்கொள்வார்.

யோக்கியமாக நடப்பவர்களும் தெரியாமல் இரட்டைப் பாரத்தில் சிக்கும் ஓர் இடம் உண்டு. வட்டி குறைவு என்று கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போது, பழைய வங்கியின் பதிவு நீங்காமல் புதியது ஏறிவிடும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து பதிவேடுகளிலிருந்தும் பாரத்தை நீக்க வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது கடன் தேவைப்படுகிறதா? முதலில் பழைய வங்கியிலேயே டாப்-அப் கேளுங்கள். இல்லை என்றால் தடையில்லாச் சான்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். புதிதாகக் கடன் தருபவரிடம் பழைய கடனை மறைக்காதீர்கள். கணவர் நீட்டும் படிவத்தில் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடும் பெண்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: எந்த வீடு, எத்தனை கடன், யாரிடம் என்று கேட்காமல் பேனாவை எடுக்காதீர்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் தரகரிடம் போக வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் வழக்கறிஞர் உதவி இலவசம். தேசிய உதவி எண் 15100.