சென்னை வீடுகளில் குழாய் நீர் அழுத்தக் குறைபாடு

குழாயினுள் உள்ள நீர் ஓர் அலகுப் பரப்பின் மீது செலுத்தும் விசை நீர் அழுத்தம் எனப்படும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற சென்னைப் பகுதிகளில் தெருக்குழாய் நீர் பொதுவாக மாடிக்குத் தானாக ஏறுவதில்லை. அது முதலில் தரைக்கு அடியிலுள்ள தொட்டியில் (சம்ப்) சேர்கிறது. அங்கிருந்து மோட்டார் மூலம் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, புவியீர்ப்பால் வீட்டுக் குழாய்களுக்கு இறங்குகிறது. எனவே வீட்டினுள் கிடைக்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது மேல்தொட்டியின் உயரமே.

உயரமும் அழுத்தமும்

10 மீட்டர் உயர நீர்நிலை ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். தரைத்தளமும் அதன்மேல் மூன்று மாடிகளும் உள்ள குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாடி ஷவருக்கு 2.5 மீட்டர் மேலே தொட்டியின் நீர்மட்டம் இருந்தால், அங்கே அழுத்தம் 0.25 பார். மாடிக்கு 3 மீட்டர் வீதம் 9 மீட்டர் கீழே உள்ள தரைத்தள ஷவரில் அது 1.15 பார். மேல்மாடியில் ஷவர் மெதுவாக வருவதற்குக் காரணம் இதுவே.

தொட்டியின் கொள்ளளவு அழுத்தத்தை மாற்றாது. நீர்மட்டம் ஒரே உயரத்தில் இருந்தால் 500 லிட்டர் தொட்டியும் 2,000 லிட்டர் தொட்டியும் ஒரே அழுத்தத்தையே தரும்.

குறையைக் கண்டறியும் முறை

ஒரு குழாயில் மட்டும் நீர் குறைந்தால், அதன் முனையிலுள்ள வலையில் மணலோ உப்போ அடைத்திருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் பயன்படும் வீடுகளில் இது அடிக்கடி நேரும். வலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவலாம்.

வெந்நீர் மட்டும் குறைந்தால், கீசரிலோ அதன் இணைப்புக் குழாயிலோ உப்புப் படிந்திருக்கலாம்.

ஒரு குளியலறை முழுவதும் குறைந்தால், அதற்குரிய வால்வு பாதி மூடியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

வீடு முழுவதும் குறைந்தால், தொட்டியின் நீர்மட்டம், வெளிக்குழாய் வால்வு, அடிவண்டல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

தொட்டி காலியாகி மீண்டும் நிரம்பிய பின் நீர் வராவிட்டால், குழாயில் காற்று அடைத்திருக்கலாம். கீழுள்ள குழாய்களைச் சில நிமிடம் முழுதாகத் திறந்துவைத்தால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும்.

குளிர்நாடுகளில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதித்து வீட்டைச் சூடாக்குவார்கள். அது மூடிய சுற்று என்பதால் அழுத்தமானியின் முள் தொடர்ந்து இறங்கினால் கசிவைச் சந்தேகிப்பர். சென்னை வீட்டுத் தொட்டி திறந்த அமைப்பு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மோட்டாரையும் நிறுத்தி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைக்க வேண்டும். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு உள்ளது.

தீர்வுகள்

தொட்டியை 1 மீட்டர் உயர்த்தினால் 0.1 பார் கூடும். ஆனால் 1,000 லிட்டர் நீரின் எடை ஒரு டன் என்பதால் முதலில் கட்டடப் பொறியாளரிடம் கேட்பது அவசியம். மேல்மாடி வீடுகளுக்குத் தொட்டியின் வெளிக்குழாயில் அழுத்தம் கூட்டும் சிறு மோட்டார் பொருத்தலாம். அப்போது அதன் அழுத்தம் கீசரில் குறிப்பிட்டுள்ள அளவைத் தாண்டக் கூடாது. கீசரின் பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

தெருக்குழாயில் மோட்டார் பொருத்துதல்

தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் இணைத்து நீரை உறிஞ்சுவது ஆபத்தானது. உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறையலாம். அப்போது விரிசல், தளர்ந்த இணைப்பு வழியாக மண்ணிலுள்ள கழிவுநீர் குடிநீரில் கலக்கும். அண்டை வீடுகளுக்கு வரும் நீரும் குறையும். ஒரு வீட்டின் வசதிக்காகச் செய்யும் இச்செயலால் தெரு முழுவதற்கும் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை போன்ற நோய்கள் பரவக்கூடும். நீரைச் சம்ப்பில் விழவிட்டு, அதிலிருந்து மட்டுமே மோட்டார் மூலம் ஏற்றுவது பாதுகாப்பான முறையாகும்.