உஷார்! தொட்டால் ஓடும் வெள்ளைப் புழுவைக் கொன்றுவிடாதீர்கள்

கொல்லிமலைத் தோட்டக்காரர்களே, ஸ்பிரேயரைத் தோளில் மாட்டுமுன் ஒரு நிமிஷம்! காப்பிக் கிளையிலும் குச்சிக்கிழங்குக் கொழுந்திலும் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மாவுப்பூச்சி அல்ல. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கும்பலாக அப்பிக்கொண்டு அசைய மறுத்தால் மாவுப்பூச்சி. அதைவிடப் பெரிதாக, மேலெல்லாம் மெழுகு நூல் தொங்க, தொட்டதும் விறுவிறுவென்று நகர்ந்தால் அது கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியின் முட்டையையும் குஞ்சையும் தின்றே வளர்வது. திருடன் வேஷத்தில் வந்த போலீஸ்! காப்பியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். வந்த வேலையை விட்டுவிட்டு மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டது. நமக்கு லாபம்தான்.

மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தப் போலீஸ்தான். மாவுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை உண்டு, முட்டைகளுக்குப் பஞ்சுப் பொதி உண்டு. தப்பியவை பெருகும், அவற்றைத் தின்னும் வண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் திரும்பி வர நாளாகும். அடுத்த தடவை இரண்டு மடங்கு அடிப்பீர்கள்.

பலா, வாழை, காப்பி, மிளகு என்று கலந்து கிடந்த தோட்டத்தில் இந்தக் குளவிகளுக்குத் தங்க நிழலும் குடிக்கப் பூந்தேனும் இருந்தன. நிழல் மரத்தைக் கழித்து, சில்வர் ஓக்கை மட்டும் வரிசை கட்டி நட்டு, களைக்கொல்லியால் தரையை மொட்டையடித்தால் அவை எதைக் குடித்து உயிர் வாழும்?

குச்சிக்கிழங்குக்காரர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். 2020-ல் கேரளத்தில் தென்பட்ட புது மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் வரை வந்துவிட்டது. அதை அடக்க ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். கொசுவைவிடச் சின்ன ஜீவன். பக்கத்து வயலின் மருந்து காற்றில் வந்தாலே அது தீர்ந்தது.

எறும்பையும் கவனியுங்கள். தேன்கழிவுக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று, வண்டையும் குளவியையும் விரட்டுவது அதுதான். தண்டில் எறும்புச் சாரை ஏறினால் முதலில் அதைத் தடுங்கள். மாவுப்பூச்சி பிடித்த நுனிகளை உடைத்து எரித்துவிடுங்கள். அதில் பொறிவண்டுப் புழு இருந்தால் எடுத்துப் பக்கத்துச் செடியில் விட்டுவிட்டு எரியுங்கள். வரப்போரத்துப் பூச்செடிகளை விட்டுவையுங்கள். அப்படியும் அடங்காவிட்டால், தோட்டம் முழுக்க வேண்டாம், பிடித்த செடிக்கு மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசல்.

கடைக்காரர் "இதையும் சேர்த்துக் கலந்து அடிங்க" என்பார். வாங்காமல் வாருங்கள்.